ஒரு தள்ளுக்கு எத்தனை கட்டை

விளக்கெண்ணெய் சூடேறினால் ஒரு வாசனை வரும். பாதி வைத்தியம், பாதி தண்டனை. நேற்றுக் காலை எதிர்வீட்டில் யாரோ குழந்தைக்காக அதைக் காய்ச்சினார்கள். நான் காப்பியும் கையுமாக நாற்காலியில் இருந்தேன். என் மூக்கு மட்டும் எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல், ரயில் பாதைக்குப் போய்விட்டது.

அண்ணனூர் தாண்டி ஆவடிக்கு வரும் நேர்பாதை. மழை பெய்து ஓய்ந்த ஐப்பசிக் காலை. தண்டவாளம் இரண்டும் சாணை பிடித்த கத்தி மாதிரி மினுங்குகின்றன. தள்ளு டிராலியின் பலகையில் நான். தலைக்கு மேல் குடை. பின்னாலிருந்து ஒரே ஒரு தள்ளு. அதற்கப்புறம் யாரும் வண்டியைத் தொடக்கூடாது. அது தானாக உருண்டு எங்கே நிற்கிறதோ, அதுவரைக்கும் பாதையில் பதித்த மரக்கட்டைகளை, வண்டி தள்ளுபவர்களில் ஒருவனான ஏழுமலை கூடவே ஓடி எண்ணுகிறான்.

"முப்பத்தொம்போது... நாப்பது... நாப்பத்தொண்ணு... ஐயா! நாப்பத்தி ரெண்டு!"

போன வாரம் முப்பத்தாறில் நின்ற வண்டி. அதற்கு முந்தின வாரம் முப்பத்திரண்டு.

"நிஜமாவா?" என்றேன்.

"மெய்யாலுமே ஐயா. காத்தாட்டம் ஆயிட்டீங்க. குடையப் புடிச்சிக்கினு குந்துங்க, பறந்துறப் போறீங்க."

காற்றாகிவிட்டவன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். விளக்கெண்ணெய் வாசனை கும்மென்று அடித்தது. ரயில் பாதையில் அது எதற்கு அடிக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புகழ்ச்சி காது வழியாக ஏறும்போது மூக்கு கடையைக் கட்டிவிடுகிறது.

வாயால் பார்த்த பாதை

சென்ற வாரம், ஆவடி ரயில்வே குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவி எஸ்தரும் குடியேறியதோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதை இன்ஸ்பெக்டர்களில் நான் கடைக்குட்டி. வயது இருபத்தொன்பது. இரண்டாம் உலகச் சண்டை மூள்வதற்கு ஓரிரு வருஷம் முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான். டிராலியில் உட்கார்ந்துகொண்டு, தண்டவாளம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். தள்ளுவதற்கு நான்கு பேர். இரண்டிரண்டு பேராகத் தள்ளுவார்கள். கட்டைமேல் அல்ல, தண்டவாளத்தின்மேலேயே, வெறுங்காலோடு, நாலு விரல் அகல இரும்பின்மேல் ஓடுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறிக்கொள்வார்கள். வேகம் குறைந்தால் அடுத்த இருவர் குதிப்பார்கள். பார்ப்பதற்கு நாட்டியம், செய்பவனுக்கு நாக்குத் தள்ளும்.

நால்வருக்கும் தலை கன்னியப்பன். கோவில்பதாகைக்காரன். என் வயதுதான். முருங்கைக்காய் மாதிரி ஆள். பேச்சும் அதே மாதிரி, சதை குறைவு. ஏழுமலை நெமிலிச்சேரி. அவனுக்கு வாய்தான் உடம்பு. மற்ற இருவர் அண்ணன் தம்பிகள். அவர்கள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. சிரித்துக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் என் முதுகுக்குப் பின்னால்.

நான் கண்ணால் பாதை பார்த்ததைவிட வாயால் பார்த்ததே அதிகம். அம்பத்தூரில் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு நெய் தோசை. அண்ணனூர் கேட்டில் கேட்காரர் மனைவி உருட்டிய வேர்க்கடலை உருண்டை. ஆவடியில் மசால் வடை. பட்டாபிராம் பக்கம் வந்தால் இளநீர், வழுக்கையோடு. நெமிலிச்சேரிக்கு அருகே பாதைக் கூலிகளின் குடிசையில் அன்று பிடித்த ஏரிக் கெளுத்தி, மிளகாய் பூசி வறுத்தது. ரயிலே போகாத பூந்தமல்லிக்குக்கூட, சந்தை நாளில் ஜட்கா பிடித்துப் போய் பிரியாணி தின்றுவிட்டு வருவேன். வண்டிக்காரர் என்னை முன்னால் உட்காரவிட மாட்டார், பின்னாலும் விடமாட்டார். "நட்டநடுவுல குந்து சாமி, குதிர மேல தூக்கிக்கும்" என்பார். குதிரை ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேண்டாம் என்று சொல்லலாமே என்பீர்கள். சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் தட்டை நகர்த்தினால், பாதையில் ஏதோ குற்றம் கண்டுவிட்டான், மேலே எழுதப் போகிறான் என்று அர்த்தம். ஒரு நாள் எனக்கு வயிறு சரியில்லை. அண்ணனூர் கேட்டில் கடலை உருண்டையை மறுத்தேன். கேட்காரர் முகம் வெளுத்து, மாலைக்குள் கேட்டுக்கு இரண்டு கோட் வெள்ளையடித்துவிட்டார்.

எப்படித் தின்னாமலிருப்பது?

என்னையும் சேர்த்து

ஆவணியில் அது நடந்தது. பட்டாபிராமுக்கு இந்தப் பக்கம், ஒரு வளைவு. எதிரே ரயில் வருவது தெரிந்தால் நான் இறங்க வேண்டும். நால்வரும் டிராலியைத் தூக்கிப் பாதைக்கு வெளியே வைக்க வேண்டும். அன்று வரக்கூடாத நேரத்தில் ஒரு சரக்கு ரயில், வரக்கூடிய பாதையில் வந்தது.

"எறங்குங்க ஐயா!"

எழுந்தேன். அதாவது எழ முயன்றேன். இருக்கையின் இரண்டு பக்கத்துக் கம்பிக்கும் எனக்கும் அதற்குள் ஓர் உறவு ஏற்பட்டிருந்தது. அது விடவில்லை.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, வண்டியைத் தூக்கினார்கள். குடையோடு, கொடியோடு, என்னோடு. சாமி புறப்பாடு மாதிரி நான் பாதையைவிட்டு இறங்கினேன். சரக்கு ரயிலின் டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சிரித்துக்கொண்டே போனார்.

நானும் சிரித்தேன். நால்வரும் சிரிக்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. அடுத்த வாரமே டாக்டரிடம் வரச்சொல்லி ஓலை. இருநூற்றிருபது ராத்தல், கிட்டத்தட்ட நூறு கிலோ, இருந்தேன். டாக்டர் நல்ல மனுஷர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, யாரோ தூரத்து உறவினரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "பொங்கல் கழிந்து வாருங்கள். இருநூறுக்குக் கீழே இருந்தால் பாதையில் விடுகிறேன். இல்லாவிட்டால் பட்டணத்தில் மேஜை வேலைதான்."

மேஜை! எனக்குக் கண்ணைக் கட்டியது. இந்தத் தொடரில் நீங்கள் படித்த வரிகளில் பாதி டிராலியில் பிறந்தவை. நீர்க்காகமும் தந்திக் கம்பியும், ஏரிமேல் கிடக்கும் பனியும், ஓடும் நால்வரின் மூச்சும் இல்லாமல் எனக்கு ஒரு வாக்கியமும் முடிவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் நான் என்ன எழுதுவேன், சுண்ணாம்பைப் பற்றியா?

நால்வருக்கும் வேறு கவலை. பக்கத்துப் பகுதி இன்ஸ்பெக்டர் ஒருவர் உண்டு. தள்ளுகிறவர்களை வண்டியில் ஏறவே விடமாட்டார். ஏறினால் விசில் ஊதுவார். இவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பீப்பி'. நான் போனால் பீப்பி இந்தப் பாதையையும் சேர்த்துப் பார்ப்பார் என்று பேச்சு.

"நீங்க எளைக்கணும் ஐயா," என்றான் கன்னியப்பன். "நாங்க எளைக்கறத்துக்கு ஒண்ணும் இல்ல."

வேளாங்கண்ணி நேர்த்தி

முதல் காரியமாக நான் மூன்று நாள் மோரும் எலுமிச்சஞ்சாறும் மட்டும் குடித்தேன். நாலாம் நாள் எஸ்தர் ஞாயிறு ஆராதனைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஒரு பானைச் சோற்றையும் அதன் அடியில் பிடித்த காந்தலையும் சுரண்டி முடித்திருந்தேன்.

எஸ்தர் பானைக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாப்பது நாள் உபவாசம் இருந்தவருக்குக்கூட நாப்பதாவது நாள்தான் பசிச்சுது. உங்களுக்கு நாலாம் நாளே பிசாசு வந்துடுச்சா?"

அன்றிலிருந்து அளவு அவள் கைக்குப் போனது. முக்கால் படிச் சோறு அரைக்காலுக்கு இறங்கியது. காலையில் கேழ்வரகுக் கூழ், கடிக்கச் சின்ன வெங்காயம். மதியம் தட்டில் பாதி கீரையோ அவரையோ. மீன் வறுப்பது போய்க் குழம்பானது. ராத்திரிக்குக் கொள்ளு ரசம்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு," என்றாள்.

"பூந்தமல்லி ஜட்காக் குதிரை அதைத்தான் தின்கிறது. இளைத்தா போயிற்று?"

"அது ஓடுது. நீங்க குடை புடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க."

கேட்டுகளை எப்படிச் சமாளிப்பது? அதைக் கன்னியப்பன் பார்த்துக்கொண்டான். ஐயா இளைக்கப் பார்க்கிறார் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. இருக்கிற உடம்பை எவனாவது வேண்டுமென்று குறைப்பானா? ஆகவே, "ஐயா நேந்துக்கினுகீறார், தை வரைக்கும் வெளிய தின்ன மாட்டார்" என்று பாதை நெடுகச் சொல்லிவிட்டான். உடனே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. யாருக்கு நேர்ந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்தவர் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். வேளாங்கண்ணி மாதாவுக்கு என்று சொல்லி வைத்தான்.

நாங்கள் புராட்டஸ்டண்டு.

பத்தாம் நாள் எங்கள் சபைப் போதகர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, "தம்பிக்கு விசுவாசத்தில் ஏதாவது மனக்கஷ்டமா?" என்றார். எஸ்தர் சமையலறைக்குள் போய், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தது கூடம்வரை கேட்டது.

பார்சல் தராசு

இப்போது அந்த நாற்பத்திரண்டாம் கட்டைக்கு வருகிறேன்.

கட்டை எண்ணும் யோசனை கன்னியப்பனுடையது. செவ்வாய்தோறும் அதே இடம், அதே தள்ளு. முதல் செவ்வாய் முப்பது கட்டை. பிறகு வாராவாரம் ஏறியது. நான் சிறகு முளைத்த மாதிரி திரிந்தேன். ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: கட்டை கூடிய ஒவ்வொரு செவ்வாயும், அந்தச் சந்தோஷத்துக்கு ஆவடியில் இரண்டு மசால் வடை. இளைத்துவிட்டவன் தின்றால் என்ன? நேர்த்தி கெடாமலிருக்க, பார்சல் ஆபீஸ் சுவருக்குப் பின்னால் நின்று தின்றேன்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் பார்சல் தராசு. நாற்பத்திரண்டு கட்டை வந்த அன்று, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, தராசுப் பலகையில் ஏறி நின்றேன். நால்வரும் வாசலில் நின்றார்கள். ஏழுமலை ஏனோ, "அந்தத் தராசு ரிப்பேரு ஐயா" என்றான்.

பார்சல் குமாஸ்தா குண்டை நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார்.

"இருநூற்றுப் பத்தொன்பது," என்றார்.

ஒன்றரை மாதத்தில் ஒரு ராத்தல். அதுவும் செருப்பு.

வெளியே வந்தேன். டிராலி பிளாட்பாரத்தின் கடைசியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குனிந்து அச்சைத் தொட்டேன். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தேன்.

"கன்னியப்பா, இது என்ன?"

"வெளக்கெண்ண," என்றான், தரையைப் பார்த்து.

"யார் விட்டது?"

"ஏழுமலதான். ரெண்டாவது வாரமும் முப்பதுலதான் நிக்கும்போல இருந்திச்சி. ஒங்க மூஞ்சியப் பாக்க முடியாதுன்னு ஒரு கரண்டி வுட்டான்."

"அப்புறம்?"

"அப்பால..." ஏழுமலை தலையைச் சொறிந்தான். "ஐயாவோட சந்தோசத்துக்குத் தக்கன."

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு ரயிலே ஓடியிருக்கும். "நாலு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள்! ஒன்றரை மாதம் போச்சு!" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் கீரைக் கூடைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

கன்னியப்பன் நிமிர்ந்தான். அதுவரை அவன் என்னை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

"நீ மட்டும் வடை துன்னல? செவுத்துக்குப் பின்னால நின்னு துன்னா எங்களுக்குத் தெரியாதா? அன்னிக்குச் சரக்கு வண்டி வரசொல்ல உன்னையும் சேத்துத் தூக்கனோமே, என் கை வழுக்கிச்சி. ஒரு பக்கம் எறங்கிப் போச்சு. தம்பிக்காரன் தோள்ல முட்டுக் குடுத்தான், அத்தொட்டுதான் நீ இன்னிக்கு நின்னு கத்தினுகீற. எனக்கு ஊட்டுல படுத்தா அதுதான் வருது. பீப்பியாவது ஒண்ணாவது! உன்னத் தூக்க முடியாமப் போயிடுமேன்னுதான்யா நீ எளைக்கணும்னேன்."

அண்ணன் தம்பிகளில் இளையவன் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினான். தோளில் காசு அகலத்துக்குக் கறுத்துப் போன தழும்பு. இரண்டு மாதமாக அவன் என் பின்னால்தான் ஓடியிருக்கிறான். பார்த்ததில்லை.

'நீங்க' போய் 'நீ' ஆகிவிட்டது எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் உறைத்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொப்பி மாறியது

மறுநாள் காலை அச்சை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னேன். "ஏறுங்கள்," என்றேன்.

"ஆரு?"

"நீங்கள் நால்வரும். இன்று நான் தள்ளுகிறேன்."

"ஐய, இன்னாய்யா நீ! பாக்கறவங்க இன்னா சொல்வாங்க?"

"ஏறுடா."

ஏறினார்கள். ஊசிமேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். தண்டவாளத்தின்மேல் ஓட என்னால் ஆகாது. நடுவே கட்டைக்குக் கட்டை கால்வைத்துத் தள்ளினேன். இருபதாவது கட்டையில் உலகம் மஞ்சளாயிற்று. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இருபது. தொப்பி கண்ணை மறைத்தது. கழற்றி ஏழுமலையிடம் கொடுத்தேன். அவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த பாதையில் அரக்கோணம் பாசஞ்சர். ஜன்னலுக்கு ஜன்னல் தலை. "டேய், அங்க பார்றா, தள்றவரு எம்மாங் குண்டு!" கடைசிப் பெட்டியில் கார்டு நின்றிருந்தார். குடைக்குக் கீழே தொப்பியைக் கண்டதும், வழக்கப்படி விறைத்து ஒரு சலாம் வைத்தார். ஏழுமலை யோசிக்கவே இல்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு விரலைத் தொப்பியில் தொட்டு, பெரிய துரை மாதிரி பதில் சலாம் வைத்தான்.

அண்ணன் தம்பிகள் சிரித்துச் சிரித்து வண்டியிலிருந்து விழுந்தார்கள். அன்றைக்கு அதற்குமேல் தள்ள முடியவில்லை. எனக்கும் சிரிப்பு.

பிறகு தினமும். இருபது கட்டை நாற்பதாயிற்று. ஒரு தந்திக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை ஆயிற்று. கார்த்திகை முடிவதற்குள் அண்ணனூர் கேட்டிலிருந்து ஆவடி சிக்னல்வரை ஆயிற்று. மழையில் தள்ளினேன். காய்ச்சல் வந்த மூன்று நாள் தள்ளவில்லை. நாலாம் நாள் மறுபடி இருபதில் தொடங்கினேன். கேட்டுகளில் நேர்த்தியைக் கலைத்துவிட்டோம். கொடுத்ததை வாங்கி ஒரு வாய் நான் தின்பேன். மிச்சம் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. யார் மனமும் கோணவில்லை. ஏழுமலைக்கு மட்டும் மார்கழியில் காக்கிச் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

கிறிஸ்துமஸுக்கு எஸ்தர் கல்கல் பலகாரம் செய்தாள். "ஆறு," என்றாள். எட்டு தின்றேன். அவள் எண்ணியிருந்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் நான் தள்ளப் போனேன் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை சட்டென்று இறங்கவில்லை. வாரம் இரண்டு ராத்தல், சில வாரம் ஒன்று, சில வாரம் தராசு என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மெல்லப் போனதாலோ என்னவோ, போனது திரும்பி வரவில்லை. இப்போது எனக்குத் தள்ள டிராலி இல்லை. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் நடக்காத நாள் எனக்கு விடிந்த நாளாகத் தெரிவதில்லை. கொள்ளு ரசம் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. குடிக்கிறேன்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு

பொங்கல் கழிந்தது. டாக்டர் எடை பார்த்தார்; நம்பாமல் இன்னொருமுறை பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நெஞ்சில் குழாயை வைத்தார். மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். ஏறி இறங்கி, மறுபடி ஏறட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே காகிதத்தை இழுத்து எழுதினார்.

நால்வரும் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்திருந்தார்கள். கன்னியப்பன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். ஏழுமலை நடுத்தெருவில் ஓர் ஆட்டம் போட்டான். பட்டணத்தில் மின்ட் பக்கம் ஒரு கடையில் அவர்களுக்கு அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ஒரு வாய் தின்றேன்.

டாக்டர் நல்ல மனுஷர் என்று சொன்னேன் அல்லவா? அதில்தான் வினை. காகிதத்தில் அவர், தேவைக்கு மேலாகவே எழுதிவிட்டார்: 'எவ்வளவு தூரமும் நடந்து பாதை பார்க்கத் தகுதியானவர்.' மேலே யாரோ அதைப் படித்திருக்கிறார்கள். ஜோலார்பேட்டைக்கு அப்பால், டிராலி போக முடியாத மேட்டுப் பாதை ஒன்றுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர்கள். இரண்டே வாரத்தில் உத்தரவு வந்தது. பதவி உயர்வு என்று போட்டிருந்தது. எஸ்தர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சாமான் கட்டப் பெட்டியை இழுத்தாள்.

புறப்பட்ட காலை ஆவடி பிளாட்பாரத்தில் பனி. பெட்டி, படுக்கை, அம்மி எல்லாவற்றையும் நால்வரும் ஏற்றினார்கள். என்னை ஒன்றும் தூக்கவிடவில்லை. இளையவன் எஸ்தர் கையில் ஒரு கட்டு முளைக்கீரையைக் கொடுத்தான்.

"ஊர் எப்படியாம்?" என்றான் ஏழுமலை.

"மலையாம். எல்லாம் நடைதானாம்."

"தள்றதுக்கு?"

"ஆள் கிடையாது."

"அப்ப பேச்சுத் தொணைக்கு?"

கார்டு பச்சைக்கொடியை விரித்தார். வண்டி ஒருமுறை குலுங்கியது. கன்னியப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். பிளாட்பாரம் முடியும் இடத்தில்தான் வாயைத் திறந்தான்.

"இது முன்னயே தெரிஞ்சிருந்தா, உன்னக் குண்டாவே வுட்டிருப்போமேய்யா."